‘அமைதியா இரு’ என்றால் ஆத்திரம்தான் வருகிறது

சொல் கேட்போம் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ‘டென்ஷன்’ என்ற சொல்லைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், அதற்கு எதிர்ச்சொல் என்ன என்று கேட்டு ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘காம்’ (calm) என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் பாதிக் கடிதங்களில் உள்ள கேள்வி. டப்பிங் வசனம் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்தச் சொல்லோடு பழைய பகை உண்டு. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கே: ஓடிடியில் ஒரு ஆங்கிலத் தொடரைத் தமிழ் டப்பிங்கில் பார்த்தோம். விபத்தில் கணவர் இறந்த செய்தி கேட்டு ஒரு பெண் அலறுகிறாள். எதிரே நிற்கும் போலீஸ்காரர் “அமைதியாக இருங்கள்” என்கிறார். என் மாமியாருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! “புருஷனைப் பறிகொடுத்தவளைப் பாத்து வாயை மூடுங்கானே, இவன் வெளங்குவானா?” என்றார். அகராதியில் ‘காம்’ என்றால் அமைதி என்றுதானே இருக்கிறது? – ஒரு வாசகி, தூத்துக்குடி

ப: உங்கள் மாமியாரை ஒரு வாரம் எங்கள் டப்பிங் தியேட்டருக்கு அனுப்பி வையுங்கள். சம்பளம் வாங்கித் தருகிறேன். அவர் காதில் விழுந்ததுதான் சரி.

அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் “அமைதியா இரு” என்ற வாக்கியத்தை நாம் எங்கெல்லாம் கேட்டு வளர்ந்தோம் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பில் பிரம்பைத் தட்டிக்கொண்டு வாத்தியார் சொன்னார். நூலகத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் ‘அமைதி காக்கவும்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். எல்லாமே வாய்க்குப் போட்ட உத்தரவு. மனசைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால்தான் கோபத்தில் இருப்பவரிடம் “அமைதியா இருங்க” என்றால், “நான் பேசக் கூடாதா?” என்று இரண்டு மடங்காக எகிறுகிறார்.

ஆங்கிலத்தில் எது பொங்கினாலும் ‘காம் டவுன்’ என்று ஒரே தண்ணீரைத் தெளித்துவிடலாம். தமிழில் என்ன பொங்கியது என்று தெரிந்தால்தான் வாயைத் திறக்க முடியும். கோபம் என்றால் “ஆத்திரப்படாதீங்க”. பயம் என்றால் “பதறாதே, நான் இருக்கேன்ல”. அவசரம் என்றால் “பொறு, பொறு”. துக்கம் என்றால் “மனசைத் தேத்திக்கோங்க”. தூக்கத்தில் வீறிட்டு எழும் குழந்தைக்கு “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல”. தெருச் சண்டையில் விலக்கிவிடப் போகிறவர் இதில் எதையும் சொல்வதில்லை. “சரி, சரி, விடுப்பா” என்று தோளில் கை போடுகிறார். எங்கள் ஊரில் ஒரு நாளைக்கு நடக்கிற சமாதானங்களில் முக்கால்வாசியை இந்தச் ‘சரி’தான் செய்து வைக்கிறது.

இதெல்லாம் தெரிந்தும் ஏன் ‘அமைதியாக இருங்கள்’ என்று எழுதுகிறார்கள்? சோம்பேறித்தனம் ஒரு காரணம். இன்னொன்று உதடு. ‘காம் டவுன்’ என்று நீங்களே கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள். ‘கா’வுக்கு வாய் நன்றாகத் திறக்கும், ‘ம்’முக்கு உதடு ஒட்டும், ‘டவுன்’னுக்கு மறுபடி திறக்கும். திரையில் இருப்பவரின் முகம் பெரிதாகத் தெரியும் ஷாட் என்றால் அந்த ‘ம்’ இருக்கும் இடத்தில் தமிழிலும் உதடு ஒட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போகும். ‘அமைதி’யில் சரியான இடத்தில் ‘மை’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. அகராதிக்கும் பொருந்துகிறது, உதட்டுக்கும் பொருந்துகிறது, காதுக்கு மட்டும் பொருந்தவில்லை. மூன்றில் இரண்டு கிடைத்ததே என்று அடுத்த லூப்புக்கு, அதாவது குரல் கொடுக்க வேண்டிய அடுத்த துண்டுக்கு, போய்விடுகிறார்கள்.

நீங்கள் சொன்ன மாதிரி ஒரு காட்சி எனக்கும் வந்தது. கணினியில் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா… உக்காருங்கம்மா” என்று எழுதினேன். ‘அம்’மில் உதடு ஒட்டுகிறது, ‘மா’வில் திறக்கிறது. ‘காம்’ முடிந்து ‘டவுன்’ தொடங்குகிற இடத்தில் ‘உக்கா’ விழுகிறது. கடைசி ‘ம்மா’வுக்கு மட்டும் இடம் இல்லை. நல்ல வேளையாக அந்த நடிகர் அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வசனத்தைப் பேசிய குரல் கலைஞர் எழுதின தாளைப் பார்த்துவிட்டு, “மேடம், ‘காம் டவுன்’ எங்கே?” என்றார். நம் ஊரில் துக்கச் செய்தி சொல்லப் போகிறவர் முதலில் செய்வது என்ன? முறை சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைப்பது. அதற்குமேல் அகராதியில் தேட ஒன்றும் இல்லை.

கே: சங்க இலக்கியத்தில் ‘அமைதி’ உண்டா? அன்று மன அமைதிக்கு என்ன சொல் வைத்திருந்தார்கள்? – கல்லூரி மாணவர், திருச்சி

ப: ‘அமை’ என்ற வினை பழையது. ஆனால் அதற்குப் பொருந்துதல், நிறைதல், ஏற்பாடாக இருத்தல் என்ற பொருள்கள்தான் முன்னால் நிற்கும். ‘ஓசை அமைதி’, கோயிலின் ‘கட்டட அமைதி’ என்று இன்றும் எழுதுகிறோமே, அது அந்தப் பொருள்தான். இலக்கணத்தில் ‘வழுவமைதி’ படித்திருப்பீர்கள். தவறுதான், ஆனால் ஒரு காரணத்துக்காக ஏற்றுக்கொள்கிறோம் என்று அர்த்தம். ஆசையாக வளர்த்த பசு தொழுவத்துக்குத் திரும்பும்போது “என் அம்மை வந்தாள்” என்றால் இலக்கணப்படி பிழை. அன்பினால் சொன்னதால் பரவாயில்லை என்று இலக்கணக்காரர்களே விட்டுக்கொடுக்கிறார்கள். பிழையோடு ஒத்துப்போவதற்கு ‘அமைதி’ என்று பேர் வைத்தவர்களுக்குக் குடும்பம் நடத்தின அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

மனம் தணிந்த நிலைக்கு அவர்கள் கையாண்ட சொற்கள் வேறு. புறநானூற்றின் 191ஆம் பாட்டைப் பாருங்கள். அதுவே ஒரு கேள்வி பதில்தான். “இத்தனை வயசாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை?” என்று கேட்கிறார்கள். பிசிராந்தையார் பதில் சொல்கிறார். ‘மாண்ட என் மனைவியொடு மக்களும் நிரம்பினர்’ என்று ஆரம்பிக்கும் இடத்தில் இன்றைய பிள்ளைகள் திடுக்கிடுகிறார்கள். மனைவி இறந்துவிடவில்லை ஐயா, மாட்சிமை உள்ளவர். பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர்கள் நான் நினைப்பதையே நினைக்கிறவர்கள், அரசன் தகாததைச் செய்யாமல் காக்கிறான் என்று அடுக்கிக்கொண்டே போய், எல்லாவற்றுக்கும் மேலாக, ‘ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் யான் வாழும் ஊரே’ என்கிறார்.

‘ஆன்று அவிந்து அடங்கிய.’ மூன்று சொல். நிறைந்து, தணிந்து, அடங்கிய. ‘அவிதல்’ என்றால் தீ அணைவது போலத் தணிவது. இன்றைக்கு அவிப்பது இட்லியும் கிழங்கும் மட்டும் என்று ஆகிவிட்டது. தென் மாவட்டக் கிராமங்களில் “லைட்டை அமத்து” என்று இன்னும் சொல்கிறார்கள். அமர்த்து என்பதுதான் ‘அமத்து’ ஆகியிருக்கிறது. எரிவதை அடக்குவது என்ற அதே எண்ணம். ‘ஆற அமர யோசி’ என்கிறோமே, அதிலும் முதலில் சூடு ஆற வேண்டும், அப்புறம்தான் அமர வேண்டும். ஆத்திசூடியில் ‘ஆறுவது சினம்’ என்று ஒன்றாம் வகுப்பிலேயே நமக்கு ‘காம் டவுன்’ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

பிசிராந்தையார் பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தன் நிம்மதிக்கு அவர் எந்த மூச்சுப் பயிற்சியையும் காரணமாகச் சொல்லவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்க்காரர்கள் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடுகிறார். மேல்வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்குக் கிரைண்டர் ஓடுகிற குடியிருப்பில் இருந்துகொண்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொல்லும் செயலிகளை இயக்கிப் பார்த்தவர்களுக்கு அவர் சொல்வது புரியும்.

கே: ‘புயலுக்கு முன் அமைதி’ என்று அடிக்கடி எழுதுகிறார்கள். உண்மையிலேயே அப்படி ஒன்று உண்டா? – நாகப்பட்டினம் வாசகர்

ப: நாகப்பட்டினத்துக்காரருக்கு நான் புயல் பற்றிச் சொல்வதா! ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்.

அந்த வழக்கே ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்ததுதான். அங்கே ‘காம்’ முதலில் வானிலையோடும் கடலோடும் ஒட்டிய சொல். அதன் வேர் கிரேக்கத்தில் கடும் வெப்பத்தைக் குறிக்கும் ‘கவ்மா’ என்ற சொல் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். அங்கிருந்து லத்தீனுக்குப் போய், இத்தாலியிலும் ஸ்பெயினிலும் ‘கால்மா’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உச்சி வெயிலில் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு நிழலில் ஒதுங்குகிறார்கள், காற்றும் இல்லை, கடலும் அசையவில்லை. அந்த நேரத்துக்கு வைத்த பெயர் மெல்ல மனசுக்கும் வந்துவிட்டது. நமக்கு அது வேடிக்கையாக இருக்கும். காற்றில்லாத சித்திரை மதியத்தை நாம் யாராவது அமைதி என்போமா? “ஒரு இலை ஆடலை, இறுக்கமா இருக்கு” என்று விசிறியைத் தேடுவோம்.

பாய்மரக் கப்பல்காரர்களுக்கும் ‘காம்’ பாராட்டு இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய கடற்பகுதியில் காற்று விழுந்துவிட்டால் கப்பல் நாள்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும், குடிதண்ணீர் குறைந்துகொண்டே வரும். பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் போஃபர்ட் 1805இல் காற்றுக்கு 0 முதல் 12 வரை ஒரு அளவுகோல் வகுத்தார். இன்றும் அவர் பெயரில்தான் அது இருக்கிறது. 12 என்றால் சூறாவளி. 0 என்றால் ‘காம்’: காற்று மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, புகை நேராக மேலே போகும், கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். இந்தச் சொல்லுக்கு இவ்வளவு கறாரான பொருளை வேறு எந்தத் துறையும் கொடுத்ததில்லை.

சரி, உங்கள் கேள்வி. புயலுக்கு முன் அமைதி சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. நிச்சயமாகச் சொல்லக்கூடிய அமைதி புயலுக்கு நடுவில், அதன் கண்ணில் இருக்கிறது. நன்றாக உருவான புயலின் கண் பெரும்பாலும் 30 முதல் 60 கிலோமீட்டர் அகலம் இருக்கும். அதற்குள் காற்று அநேகமாக நின்றுவிடும், மேகம்கூட விலகும். கண்ணைச் சுற்றியிருக்கும் சுவரில்தான் காற்று மிக மூர்க்கம். கண் தலைக்கு மேலே கடந்து போனதும் மறுபக்கச் சுவர் வந்து மோதும், அதுவும் எதிர்த்திசையிலிருந்து.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நான் ராயபுரத்தில் குடியிருந்தேன். காலையிலிருந்து ஜன்னல் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தோம். சாயங்காலம் திடீரென்று எல்லாம் ஓய்ந்தது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கீழ்வீட்டுப் பையன் விழுந்து கிடந்த வேப்பமரத்துக்கு அடியிலிருந்து தன் பைக்கை இழுக்கப் போனான். ரேடியோவை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த மாடிவீட்டுத் தாத்தா, “டேய், கண்ணு போவுது! உள்ள வா!” என்று கத்தினார். ‘யாருடைய கண்?’ என்கிற மாதிரி பையன் அண்ணாந்து பார்த்தான். காலையில் வடக்கு ஜன்னலை அடித்த காற்று அப்புறம் தெற்கு ஜன்னலைப் பிய்த்தது. பைக் மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. ஆகவே அரசியல் கட்டுரைகளில் ‘புயலுக்கு முன் அமைதி’ என்று எழுதுகிறவர்கள் ‘புயலுக்கு நடுவே அமைதி’ என்று எழுதிப் பார்க்கலாம். பல நேரம் அதுதான் நிலவரத்துக்குப் பொருந்தும்.

கே: ‘நகரில் அமைதி திரும்பியது’ என்று செய்தியில் வாசிக்கிறார்கள். அது எங்கே போயிருந்தது? – மதுரை வாசகர்

ப: தாலுகா ஆபீஸுக்கு. கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று தகராறு வந்தால் தாசில்தார் இரு தரப்பையும் கூப்பிட்டு ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடத்துவார். தாலுகா ஆபீஸில் மிக அதிகமாகச் சத்தம் கேட்கும் நாள் அதுதான். இங்கே அமைதி என்பது சமாதானம். இலங்கைத் தமிழர் ‘சமாதானம்’ என்ற சொல்லையே இந்த இடத்தில் அதிகம் புழங்குகிறார்கள், ‘சமாதானப் பேச்சுவார்த்தை’ என்று. குழப்பம் குறைவு. நாம்தான் சத்தமின்மை, சமாதானம், மனத்தெளிவு மூன்றையும் ஒரே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

கே: என் மகள் பரதம் கற்கிறாள். நவரசத்தில் எட்டை நன்றாகச் செய்துவிடுகிறாள், சாந்தம் மட்டும் வரவில்லை. “சும்மா நிக்கிற மாதிரி இருக்கும்மா” என்கிறாள். – கோவை வாசகி

ப: உங்கள் மகள் பெரிய சண்டையொன்றில் தலையிட்டிருக்கிறாள். நாட்டிய சாஸ்திரத்தில் ரசங்கள் முதலில் எட்டுத்தான். தொல்காப்பியமும் ‘நகையே அழுகை இளிவரல் மருட்கை அச்சம் பெருமிதம் வெகுளி உவகை’ என்று எண்ணி, ‘அப்பால் எட்டே மெய்ப்பாடு’ என்று முடித்துவிடுகிறது. சாந்தம் பிற்பாடு ஒன்பதாவதாகச் சேர்ந்தது. தமிழில் அதைச் சமநிலை, நடுவுநிலை என்றார்கள். சேர்க்கக் கூடாது என்று வாதாடியவர்களின் கட்சி உங்கள் மகள் சொல்வதேதான்: செயல் எல்லாம் ஓய்ந்த நிலையை மேடையில் எதை வைத்துக் காட்டுவது? சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் காஷ்மீரத்து அறிஞர் அபிநவகுப்தர் சாந்தத்துக்காக வரிந்து கட்டிக்கொண்டு வாதாடினார். மற்ற ரசங்களெல்லாம் அதிலிருந்தே எழுந்து அதிலேயே ஒடுங்குகின்றன என்பது அவர் கட்சி.

நாட்டியம் எனக்குத் தெரியாது. குரலில் இதே சிக்கல் உண்டு என்பது தெரியும். விமானம் ஆட்டம் காணும்போது “சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்கிற பைலட், கத்தியைத் துடைத்துக்கொண்டே பேசுகிற வில்லன் – இப்படிப்பட்டவர்களுக்குக் குரல் கொடுக்கப் புதியவர்கள் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து “எனர்ஜி இல்ல, ஒன் மோர்” என்று குரல் வரும். அனுபவசாலிகள் சத்தத்தைக் குறைப்பதில்லை. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு இழுக்கும் சத்தம் மைக்கில் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். வாக்கியம் தொடங்கும் முன்பே போதுமான காற்று உள்ளே இருக்கும். பதறுகிறவருக்குத்தான் பாதியில் மூச்சு வாங்கும். மகளிடம் கையையும் கண்ணையும் விட்டுவிட்டு, முந்தைய ரசம் முடிந்ததும் தோளில் மூச்சு தெரிகிறதா என்று ஒரு வீடியோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரௌத்திரத்தை முடித்த கையோடு சாந்தத்துக்கு வந்தால் தோள் காட்டிக்கொடுத்துவிடும்.

கே: வரன் விளம்பரத்தில் ‘அமைதியான, அடக்கமான பெண் தேவை’ என்கிறார்களே, அது என்ன அமைதி? – சேலம் வாசகி

ப: தூத்துக்குடி மாமியார் சொன்ன அமைதிதான். எதிர்த்துப் பேசாதவள் வேண்டும் என்பதை நாகரிகமாகப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் குணத்தைப் பாராட்ட வேண்டுமென்றால் ‘அமரிக்கை’ என்று ஒரு அழகான சொல் இருக்கிறது. அமரிக்கையானவர் வாயை மூடிக்கொண்டிருப்பவர் இல்லை. பேச வேண்டியதைப் படபடப்பில்லாமல் பேசுகிறவர். ஆணுக்கும் சொல்லலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ‘அமரிக்கையான மணமகன் தேவை’ என்று ஒரு விளம்பரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

கே: ‘கீப் காம் அண்ட் கேரி ஆன்’ என்று டி-ஷர்ட்டில் வருகிறதே, தமிழில் போட்டு விற்கலாம் என்று இருக்கிறோம். எப்படி எழுதுவது? – இரண்டு நண்பர்கள், திருப்பூர்

ப: திருப்பூரிலிருந்து கேட்டால் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிகிறது. அது 1939இல் பிரிட்டிஷ் அரசு இரண்டாம் உலகப் போருக்காக அச்சடித்த சுவரொட்டி. சுமார் 24.5 லட்சம் பிரதிகள் போட்டார்கள். குண்டுவீச்சு மிக மோசமானால் ஒட்டலாம் என்று எடுத்து வைத்ததால் வெளியே வந்தது ரொம்பக் குறைவு. காகிதத் தட்டுப்பாட்டில் பெரும்பாலானவை கூழுக்குப் போய்விட்டன. 2000இல் இங்கிலாந்தின் ஆல்னிக் ஊரில், பழைய ரயில் நிலையத்தில் நடக்கும் ஒரு பழைய புத்தகக் கடையில், ஏலத்தில் வாங்கின பெட்டிக்குள் ஒரு பிரதி மடித்துக் கிடந்தது. கடைக்காரர் சட்டம் போட்டு மாட்டினார். வந்தவர்கள் எல்லாரும் அதையே விலை கேட்டார்கள். மீதிக் கதை உங்கள் ஊர் அச்சுப் பட்டறைகளுக்கே தெரியும்.

தமிழில் ‘அமைதி காத்துத் தொடர்க’ என்று போட்டால் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு வரிசையில் நிற்பவர்களுக்கான பலகை மாதிரி இருக்கும். ‘பதறாமல் வேலையைப் பார்’ என்று போடுங்கள். மூலத்தில் மேலே கிரீடம் இருக்கும், உங்களுக்கு டீ கிளாஸ் போதும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ‘வேலையைப்’ என்பதில் ‘ப்’ இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எக்ஸ்எல் சைஸ், கறுப்பு.